கல்லீரலில் வெள்ளைக் கட்டி: ஸ்கேனில் எதுவரை சொல்ல முடியும்?

பாம்பன்காத்து

எல்லாருக்கும் வணக்கம். என் மதினிக்கு வயது 41. சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மீன்பிடித் தடைக்காலம், அண்ணனும் கரையில்தான் இருக்கிறார் என்பதால் ராமநாதபுரம் கூட்டிப்போய் வயிறு ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) எடுத்தோம். பித்தப்பையில் கல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் வேறு ஒன்று எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருந்ததைப் புரிந்தவரை தமிழில் தட்டுகிறேன்:

"கல்லீரல் வலது பகுதி, ஏழாவது செக்மென்ட்டில் 4.2 x 3.8 செ.மீ. அளவில், சுற்றியுள்ள ஈரலைவிட வெள்ளையான, ஓரம் தெளிவான கட்டி. டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் தெரிகிறது. ஹீமாஞ்சியோமாவா? ஆஞ்சியோமயோலிபோமாவா? கான்ட்ராஸ்ட் பரிசோதனை தேவை."

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா "பயப்படாதீங்க, ஆனா விட்டுடாதீங்க" என்று மட்டும் சொன்னார். வீட்டில் ஒரே அழுகை. தெருவில் யாரோ கேன்சர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு பெயர் போட்டு இரண்டுக்கும் கேள்விக்குறி போட்டிருக்கிறாரே, அவருக்கே தெரியவில்லையா? வேறு இடத்தில் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

கீழக்கரை_காக்கா

தம்பி, முதலில் வீட்டில் அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள். எனக்கும் ஈரலில் வெள்ளையாக ஒன்று இருக்கிறது. சவூதியில் இருந்தபோது வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்ததில் தெரிந்தது. ஹீமாஞ்சியோமா என்றார்கள். ரத்தக்குழாய் முடிச்சு மாதிரி, ஒன்றும் செய்யாது. இத்தனை வருஷமாக நானும் அதுவும் சேர்ந்துதான் புளியாணம் குடிக்கிறோம்.

கடலோர_சோனோ

நான் இந்தக் கடற்கரையில்தான் ஸ்கேன் பார்க்கிறேன். அந்தக் கேள்விக்குறிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது நல்ல ரிப்போர்ட். ஹீமாஞ்சியோமா என்று ஒரே வார்த்தையில் எழுதி அனுப்பியிருந்தால் நீங்களும் நிம்மதியாகப் போயிருப்பீர்கள், அவருக்கும் வேலை மிச்சம். அப்படி எழுதாததற்குக் காரணம் அந்த டாப்ளர் வரி. ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டுவதுதான் டாப்ளர்.

ஈரலில் தீங்கற்ற கட்டிகளில் அதிகம் வருவது ஹீமாஞ்சியோமாதான். சிறியதாக, வெள்ளையாக, ஓரம் சுத்தமாக இருக்கும். அதற்குள் ரத்தம் தேங்கித் தேங்கி மெதுவாக ஓடுவதால் சாதாரண டாப்ளரில் பெரும்பாலும் நிறமே தெரியாது. இவருக்கு உள்ளே ஓட்டம் தெரிகிறது, அளவும் 4 செ.மீ. தாண்டிவிட்டது. அதனால் அவர் கை நின்றிருக்கிறது. ரத்தக்குழாய், தசை, கொழுப்பு கலந்த ஆஞ்சியோமயோலிபோமா என்ற அரிதான தீங்கற்ற கட்டியின் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. ஏழாவது செக்மென்ட் என்பது பின்பக்கம், மேலே, உதரவிதானத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிற இடம். நுரையீரல் காற்றும் விலா எலும்பும் மறைக்கும். இடதுபக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொன்னால் ஈரல் இறங்கி வரும், அப்போதுதான் விலாக்களுக்கு நடுவே புரோபை (உடம்பில் வைக்கிற ஸ்கேன் முனை) வைத்துப் பார்க்கலாம். பாதிப் பேருக்கு ஐந்து நொடிக்கு மேல் மூச்சு நிற்காது. பாசி எடுக்கிற பெண்கள் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். நான் "விடுங்கம்மா" என்று சொல்கிறவரை அப்படியே இருப்பார்கள். ஆழத்தில் உள்ள கட்டியில் டாப்ளர் போட்டு நம்பும்படி ஒரு படம் கிடைக்க அந்த மூச்சு வேண்டும். உங்கள் மதினி படம் நன்றாக வந்ததற்கு அவருக்கும் பங்கு உண்டு.

இப்போது நீங்கள் சொல்ல வேண்டியவை: மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் சோதனை செய்தீர்களா? ஈரல் சுருக்க நோய் உண்டா? கருத்தடை மாத்திரை அல்லது மாதவிலக்குக்கான ஹார்மோன் மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டாரா? வேறு எங்காவது கேன்சர் இருந்ததா? ஈரலில் கொழுப்பு என்று எழுதியிருக்கிறதா? சிறுவயதில் வலிப்பு வந்ததா? இந்தப் பதில்கள் இல்லாமல் படத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்கிறவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

உப்பளம்77

டாக்டர், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். போட்டில் எக்கோ சவுண்டர் வைத்திருக்கிறோம். அதுவும் சத்தம் அனுப்பி எதிரொலியைத்தான் காட்டுகிறது. இதுவும் அதே சங்கதியா? வெள்ளையாகத் தெரிந்தால் கெட்டி என்று அர்த்தமா?

கடலோர_சோனோ

அதே சங்கதிதான். உங்கள் கருவி 50 அல்லது 200 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும். வயிறு ஸ்கேனில் 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவில் அனுப்புகிறோம், அதனால்தான் மில்லிமீட்டர் கணக்கில் பிரித்துப் பார்க்க முடிகிறது.

வெள்ளை என்றால் கெட்டி என்று இல்லை. எதிரொலி அதிகம் என்றுதான் அர்த்தம். ஹீமாஞ்சியோமா பஞ்சு மாதிரி மெத்தென்றுதான் இருக்கும். அதற்குள் எண்ணற்ற சின்னச் சின்ன ரத்த அறைகள், அத்தனை சுவரும் எதிரொலிப்பதால் வெள்ளை. கொழுப்பு கலந்த கட்டியும் வெள்ளை. கால்சியம் படிந்ததும் வெள்ளை, ஆனால் அதன் பின்னால் கறுப்பாக நிழல் விழும்.

உங்கள் எக்கோ சவுண்டரில் ஒலிவேகம் தண்ணீருக்கு நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் என்று வைத்துத்தான் ஆழம் கணக்காகிறது இல்லையா? எங்கள் மெஷினும் உடம்பு முழுக்க நொடிக்கு 1540 மீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். கொழுப்பில் ஒலி மெதுவாகப் போகும், 1450 பக்கம். 4 செ.மீ. கனத்துக்கு முழுக் கொழுப்பு இருந்தால் எதிரொலி தாமதமாகத் திரும்பும். தூரம் அதிகம் என்று மெஷின் ஏமாந்துபோய், கட்டிக்குப் பின்னால் இருக்கிற உதரவிதானக் கோட்டை இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பின்தள்ளி வரையும். வழவழவென்று போகிற வெள்ளைக் கோடு அந்த இடத்தில் மட்டும் உடைந்து விலகியதுபோல் இருக்கும். ஈரலில் லிபோமா எனப்படும் சுத்தமான கொழுப்புக் கட்டி மிக அரிது. ஆனால் அந்தக் கோடு விலகியிருந்தால் உள்ளே கொழுப்பு இருக்கிறது என்று ஊசி இல்லாமல், மருந்து இல்லாமல் தெரிந்துகொள்ளலாம். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த விஷயம் இது.

பாம்பன்காத்து

டாக்டர், கேட்டதற்குப் பதில். பி, சி இரண்டும் நெகட்டிவ். சுருக்கம் இல்லை, கொழுப்பு லேசாக என்று போட்டிருக்கிறது. மாதவிலக்கு சரியில்லை என்று ஒரு காலத்தில் மாத்திரை சாப்பிட்டார், நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. வலிப்பு வந்ததில்லை. சிறுநீரகம் இரண்டும் நார்மல் என்று இருக்கிறது. ஈரல் புற்றுக்காகப் பார்க்கிற ஏஎஃப்பி என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தோம், அளவுக்குள்தான் இருக்கிறது.

ராம்நாடு_ரகளை

எதற்கு இவ்வளவு பேச்சு? நேராக சி.டி. எடுத்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடப் போகிறது. ஸ்கேன் ஸ்கேன் என்று இழுத்தடிக்கிறார்கள்.

கடலோர_சோனோ

சி.டி.யும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு, மூன்று கட்டமாக எடுத்தால்தான் பயன். வெறும் சி.டி.யில் இப்படிப்பட்ட கட்டி பெரும்பாலும் ஒரு சாம்பல் நிற வட்டம், அவ்வளவே. எதை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான்: ரத்தம் எப்போது உள்ளே வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எப்போது வெளியேறுகிறது?

இதை ஸ்கேனிலேயே பார்க்கலாம். கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் என்பார்கள். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற வாயுவை நுண்குமிழிகளாக்கிக் கை நரம்பில் போடுவார்கள். குமிழி சிவப்பணுவைவிடச் சிறியது, ரத்தக்குழாயை விட்டு வெளியே கசியாது. சில நிமிடங்களில் வாயு மூச்சோடு போய்விடும். சிறுநீரகம் வழியாகப் போவதில்லை, அதனால் சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியாட்டினின் அதிகம் உள்ளவர்களுக்கும் போடலாம். கதிர்வீச்சும் கிடையாது. மெஷினில் அதற்கான மென்பொருள் வேண்டும், ஒலியின் வலுவையும் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குமிழி உடைந்துவிடும்.

ஊசி போட்ட 10–20 நொடியில் தமனி ரத்தம் வரும். 30–45 நொடிக்குப் பிறகு குடல் பக்கத்திலிருந்து ஈரலுக்கு வரும் போர்ட்டல் சிரை ரத்தம். இரண்டு நிமிடம் தாண்டினால் கடைசிக் கட்டம்.

ஹீமாஞ்சியோமா என்றால் ஓரத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாக வெளிச்சம் வந்து, மெல்ல உள்நோக்கி நிரம்பும், கடைசிவரை அணையாது. எஃப்.என்.எச். என்று இன்னொரு தீங்கற்ற கட்டி உண்டு, அது நேரெதிர். நடுவிலிருந்து ஒரு தமனி கிளம்பி ஆரக்கால் ஆரக்காலாக வெளிநோக்கிச் சில நொடிகளில் நிரப்பிவிடும். இதைச் சாதாரண ஸ்கேனில் பிடிப்பது கஷ்டம், ஈரலின் நிறத்திலேயே இருக்கும். பக்கத்து ரத்தக்குழாய் லேசாக வளைந்திருக்கிறதே என்று சந்தேகப்பட்டுத்தான் கண்டுபிடிப்போம். நொடிக்கணக்கில் நடக்கும் அந்த நிரம்பலைச் சி.டி. தவறவிடலாம், ஏனென்றால் அது சில தருணங்களை மட்டும் படம் எடுக்கிறது. ஸ்கேனில் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வைகைக்கரை_ரேடியோ

மதுரையில் எம்.ஆர்.ஐ. பார்க்கிறவன் நான். கடலோரம் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் இந்தக் கேஸுக்கு என் ஓட்டு எம்.ஆர்.ஐ.க்குத்தான். கான்ட்ராஸ்ட் ஸ்கேனில் ஒரு ஊசிக்கு ஒரு கட்டியைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். மற்ற இடத்தில் இன்னும் இரண்டு இருந்தால்? அதைவிட முக்கியம், ஆஞ்சியோமயோலிபோமா சந்தேகம் என்றால் கட்டிக்குள் கொழுப்பைத் தேட வேண்டும். கொழுப்பின் சிக்னலை மட்டும் அணைத்துப் பார்க்கிற வசதி எங்களிடம்தான் இருக்கிறது.

ஈரல் செல்களிலிருந்தே வளர்கிற அடினோமா என்ற தீங்கற்ற கட்டியையும் மறக்க வேண்டாம். ஹார்மோன் மாத்திரை கதை இருக்கிறதே. அதிலும் ஒரு வகையில் கொழுப்பு நிறைய இருக்கும், ஸ்கேனில் வெள்ளையாகவே தெரியும். 5 செ.மீ. தாண்டினால் ரத்தம் கசியலாம், ஒரு வகை புற்றாக மாறவும் வாய்ப்பு உண்டு. கெடாக்ஸெட்டேட் என்ற மருந்து போட்டு எடுத்தால் 20 நிமிடம் கழித்து எஃப்.என்.எச். மருந்தைப் பிடித்து வைத்திருக்கும், அடினோமா பெரும்பாலும் கறுப்பாகிவிடும்.

கடலோர_சோனோ

ஒப்புக்கொள்கிறேன், கொழுப்புக்கு எம்.ஆர்.ஐ.தான். ஆனால் மூச்சு முட்டுகிறவர், குழாய்க்குள் படுக்கப் பயப்படுகிறவர், பேஸ்மேக்கர் வைத்தவர் எல்லாரையும் அனுப்ப முடியாதே. முதல் கேள்வி "ஹீமாஞ்சியோமாவா இல்லையா" என்பதாக இருந்தால் குமிழி ஊசியே போதும். இல்லை என்று வந்தால் உங்களிடம் அனுப்பலாம்.

ஜிம்முக்குப் போகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உடம்பு ஏற்ற ஸ்டீராய்டு ஊசி போடுகிறீர்களே, அதனாலும் அடினோமா வரும். ஆண்களுக்கு வந்தால் அளவு சிறியதாக இருந்தாலும் எடுத்துவிடச் சொல்வதே வழக்கம்.

கருவாட்டுக்கடை

கீழாநெல்லியை வெறும் வயிற்றில் மோரில் கலந்து கொடுங்கள். ஒரு மண்டலத்தில் கட்டி கரைந்துவிடும். எங்கள் ஆத்தா கைகண்ட மருந்து.

கீழக்கரை_காக்கா

காமாலைக்குக் கொடுப்பதைக் கட்டிக்கும் கொடுக்கச் சொல்கிறீர்கள். ஆத்தா எந்த ஸ்கேனில் கரைந்ததைப் பார்த்தார்களாம்?

கடலோர_சோனோ

சண்டை வேண்டாம். எதையாவது குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். ஈரல் ரத்தப் பரிசோதனை ஏறுமாறாக வந்தால், அது கட்டியாலா கஷாயத்தாலா என்று நாங்கள் முழிக்க வேண்டியிருக்கும். ஹீமாஞ்சியோமா, ஆஞ்சியோமயோலிபோமா எதையும் கரைக்கிற மூலிகை கிடையாது.

ஆட்டுக்கிடை_கடலாடி

ஐயா, தனி இழை போடாமல் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு ஈரலில் நீர்க்கட்டி, 7 செ.மீ. உள்ளே கோடு கோடாக இருக்கிறது என்கிறார்கள். ஒருத்தர் ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடலாம் என்கிறார். நாங்கள் ஆடு மேய்க்கிற குடும்பம், நாயும் உண்டு.

கடலோர_சோனோ

நிறுத்துங்கள். ஆடு, நாய், உள்ளே கோடு என்று மூன்றும் சேர்ந்தால் அவசரப்பட்டு ஊசி குத்தக்கூடாது. எக்கினோகாக்கஸ் என்ற புழுவால் வரும் ஹைடாடிட் நீர்க்கட்டியா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த நீர் வயிற்றுக்குள் சிந்தினால் கடுமையான ஒவ்வாமை வரலாம், புழுவும் பரவலாம்.

சாதாரண நீர்க்கட்டிக்குச் சுவர் மெல்லியது, உள்ளே சுத்தக் கறுப்பு. ஹைடாடிட்டில் சுவர் இரண்டு கோடாகத் தெரியும், உள்ளே குட்டிக் கட்டிகள் இருக்கும், இல்லையென்றால் உள்தோல் கழன்று தண்ணீரில் மிதக்கும். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தால் அடியில் மணல்போல் படிந்தது கிளம்பிச் சுழல்வதை நேரிலேயே பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் ஸ்கேன் தோற்றத்தை வைத்தே இதை ஐந்து நிலையாகப் பிரித்திருக்கிறது. நிலையைப் பொறுத்து மாத்திரை, ஊசி, ஆபரேஷன், சும்மா கவனித்தல் என்று வைத்தியமே மாறும். ஊசி வழியில் எடுக்கும் முறையும் உண்டு, ஆனால் மாத்திரை பாதுகாப்போடு, தயார் நிலையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான். "ஆடு மேய்க்கிறோம்" என்பதை ஸ்கேன் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவசரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

தொண்டி_டீச்சர்

எனக்கு ஒன்றல்ல, ஈரல் முழுக்கப் பொடிப்பொடியாக இருக்கிறதாம். ஒவ்வொன்றின் பின்னாலும் வால் மாதிரி வெள்ளைக்கோடு வருகிறது என்றார்கள். பரவிவிட்டதோ என்று தூக்கமே இல்லை.

வைகைக்கரை_ரேடியோ

அந்த வாலைப் பார்த்தால் எங்களுக்கு ஆறுதல். பித்தநாள ஹமார்ட்டோமாவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றரை செ.மீ.க்குள் உள்ள, பிறவியிலேயே வந்த சின்னப் பித்தநாளக் கொத்துகள். 1918இல் இதை விவரித்த ஃபான் மேயன்பர்க் பெயரில் சொல்வதும் உண்டு. நுண்ணிய நீர்ப்பைக்குள் ஒலி முன்னும் பின்னும் மோதித் திரும்புவதால் அந்த வால் விழுகிறது. பரவிய கேன்சர் என்று தவறாக நினைக்கிற கேஸ்களில் இது முக்கியமானது. எம்.ஆர்.ஐ.யில் பித்தநாளப் படம் எடுத்தால் பொடிப்பொடியாக நீர் மின்னும், பித்தநாளத்தோடு தொடர்பு இருக்காது. முன்பு எங்காவது கேன்சர் இருந்தவர் என்றால் மட்டும் இந்த ஆறுதலை ஒத்திவைத்துவிட்டு முழுதாகப் பாருங்கள்.

பாம்பன்காத்து

தடைக்காலம் முடிவதற்குள் வேலையை முடித்துவிட்டோம். மதுரையில் முதலில் குமிழி ஊசி ஸ்கேன். ஓரத்தில் திட்டுத் திட்டாக வரவில்லை. ஊசி போட்டதும் முழுக் கட்டியும் ஒரேயடியாகப் பளிச்சென்று ஆகி, உள்ளிருந்து ஒரு சிரை சீக்கிரமே நிரம்பியதாம். ஹீமாஞ்சியோமா இல்லை என்றார்கள். அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் உள்ளே கொழுப்பு இருப்பது உறுதி. ஈரல் புற்றிலும் தமனி ரத்தம் இப்படிச் சீக்கிரம் ஏறும், கொழுப்பும் இருக்கலாம், அதனால் பயாப்ஸி பார்த்துவிடுவது நல்லது என்று சர்ஜன் சொன்னார். எடுத்தோம். இந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கிற எச்.எம்.பி-45 என்ற சாயச் சோதனை பாசிட்டிவ். ஆஞ்சியோமயோலிபோமாவேதான். ராமநாதபுரம் டாக்டரம்மா எழுதிய இரண்டாவது பெயர்!

5 செ.மீ.க்குள் இருப்பதால் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். விலாக் கனம் இதனால் இருக்காது, வாயுத் தொல்லை என்று வேறு மாத்திரை கொடுத்தார்கள்.

வைகைக்கரை_ரேடியோ

சீக்கிரம் நிரம்பிய அந்தச் சிரை நல்ல தடயம். ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்த கட்டி என்பதால் எது அதிகமோ அதைப் பொறுத்து முகம் மாறும். கொழுப்பு குறைவாக இருந்திருந்தால் நாங்களும் திணறியிருப்போம். வைரஸ் இல்லை, சுருக்கம் இல்லை, ஏஎஃப்பி சரி என்ற மூன்றும் சேர்ந்துதான் புற்று இல்லை என்ற பக்கம் தராசைச் சாய்த்தன. சிறுநீரகத்தைப் பார்த்ததும் சரி. இதே கட்டி அங்கேதான் அதிகம் வரும். சிலருக்கு டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற பரம்பரை நோயின் பகுதியாக இரண்டு இடத்திலும் இருக்கும். கடலோரம் வலிப்பைப் பற்றிக் கேட்டதும் அதற்காகத்தான்.

உப்பளம்77

அப்படியானால் மறுபடி கடலில் இறங்கலாமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்குகிறபோது கட்டி உடைந்துவிடாதா?

கடலோர_சோனோ

இந்த அளவில் தானாக உடைவது அரிது. சர்ஜன் தடை ஏதும் எழுதாவிட்டால் வேலைக்குப் போகலாம், ஆனால் அவரிடம் பாசி எடுக்கிற வேலை என்பதை விவரமாகச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். "வீட்டு வேலை செய்யலாமா" என்று கேட்டால் அவர் வேறு எதையோ நினைத்துத் தலையாட்டுவார். ஆறு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேன் வரைக்குமாவது கூட ஆள் வைத்துக்கொண்டு போகட்டும். திடீரென்று வயிற்றில் கடும் வலி, மயக்கம், வியர்வை வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

ஆறு மாதம் கழித்துப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்களைக் கம்ப்யூட்டர் தகட்டில் (டிஸ்க்) வாங்கி எடுத்துப் போங்கள். 4.2 என்பது 4.4 ஆனால் பதற வேண்டாம், புரோபை வைத்த கோணம் மாறினாலே அவ்வளவு வரும். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, அதே கோணத்தில் அளந்து பார்க்கிறவரிடம் போங்கள். முடிந்தால் அந்த டாக்டரம்மாவிடமே. பயாப்ஸி முடிவை அவருக்கும் ஒரு நகல் கொண்டுபோய்க் கொடுங்கள். நாங்கள் எழுதி அனுப்புகிற கேள்விக்குறிகளுக்கு விடை எங்களிடம் திரும்பி வருவதே இல்லை.

பாம்பன்காத்து

நாளைக்கு ராமநாதபுரம் போகிற வேலை இருக்கிறது டாக்டர். ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டேன்.